லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோ: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில், ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் வந்து சேரும்வரை போனில் ஏதாவது பாட்டு ஓடும், பெரும்பாலும் லேடிஸ்மித் பிளாக் மம்பாஸோதான். அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் ஆயாக்கள், அதாவது பாட்டிகள், கேட்கிறார்கள், தமிழ்நாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர்களோ விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் காரிலேயே கேட்டு முடித்துவிடுகிறார்கள். ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். சரி, ஒருமுறை உட்கார்ந்து எழுதிவைத்துவிடலாம் என்று எழுதியது இது. கேட்டவர்கள் வாயில் வந்தபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

யாருண்ணே இவங்க? பேரே வாயில நுழைய மாட்டேங்குது.

தென்னாப்பிரிக்காவின் ஜூலு பாடகர் குழு. எல்லாரும் ஆண்கள், கையில் எந்த வாத்தியமும் கிடையாது, குரல் மட்டும்தான். 1960 வாக்கில் ஜோசப் ஷபலாலா என்ற இளைஞர் தன் சொந்தக்காரப் பையன்களைச் சேர்த்துத் தொடங்கினார். ஆரம்பத்தில் குழுவுக்கு வேறு பெயர். இன்றுவரை பாடிக்கொண்டிருக்கிறார்கள். ஐம்பதுக்கு மேல் ஆல்பம், ஐந்து கிராமி விருது. அந்தக் கணக்கு கீழே வரும்.

பேருக்கு என்ன அர்த்தம்?

மூன்று துண்டாகப் பிரித்துப் பாருங்கள். லேடிஸ்மித் அவர்கள் ஊர். பிளாக் என்பது கறுப்பு எருது, பண்ணையில் இருக்கும் மாடுகளிலேயே பலசாலி அதுதான். மம்பாஸோ என்றால் கோடரி, எதிரே பாட வருகிற குழுவையெல்லாம் வெட்டிச் சாய்க்கிற கோடரி. முதல்முறை கேட்டபோது நான் சிரித்துவிட்டேன், ஏனென்றால் மேடையில் இவர்கள் நிற்பதைப் பார்த்தால் ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டார்கள் என்று தோன்றும். ஆனால் அந்தக் கோடரி வெறும் பந்தா இல்லை. போட்டி பற்றிய கேள்விக்கு வரும்போது புரியும்.

லேடிஸ்மித்னா ஒரு பொம்பளை பேரு மாதிரி இருக்கே? அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?

பெண் பெயரேதான். கேப் காலனியின் கவர்னராக இருந்த ஹாரி ஸ்மித்தின் மனைவி ஸ்பெயின் நாட்டுக்காரர், அவர் பெயரை வைத்து 'லேடி ஸ்மித்'. ஜூலுவில் ஊரின் பெயர் எம்னம்பிதி. டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் போகும் வழியில் ஏறத்தாழ 230 கிலோமீட்டர். 1899 முதல் 1900 வரை போயர் போரில் 118 நாள் முற்றுகையில் கிடந்த ஊர்.

நம் ஆட்கள் அந்தக் காலத்திலிருந்தே இருக்கிறார்கள். விஷ்ணு கோயில் இருக்கிறது, அந்த வளாகத்திலேயே காந்தி சிலையும் நிற்கிறது. ஆனால் ஜோசப் பிறந்தது ஊருக்குள் இல்லை. வெள்ளைக்காரர் ஒருவருடைய பண்ணையில், அங்கே கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவர். மாடு மேய்த்துக்கொண்டு பாடித் திரிந்த பையன். பெயரில் எருது எப்படி வந்தது என்று இப்போது தெரிகிறதா?

இது பாப் பாட்டா, இல்ல பஜனை மாதிரியா?

என் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது. இரண்டுக்கும் நடுவில் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன், ஆனால் அது சரியான பதில் இல்லை. இந்தப் பாணிக்கு இசிகதமியா என்று பெயர். அதில் 'க' வருகிற இடத்தில் உண்மையில் 'க' இல்லை. யாராவது கஷ்டம் சொன்னால் நாம் 'ச்சு' கொட்டுவோம் அல்லவா, நாக்கு நுனியை முன்பல்லில் ஒட்டி இழுத்து? அதே சத்தம்தான். ஜூலுக்காரர்களுக்கு அது ஒரு முழு எழுத்து. நமக்கு வராது என்று யாரும் சொல்ல வேண்டாம், நம் ஆயாக்கள் நாள் முழுக்க அதைத்தானே செய்கிறார்கள்.

இசிகதமியா வேலை தேடிப் போனவர்களின் பாட்டு. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் போன ஜூலு ஆண்கள் ஊரையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் விட்டுவிட்டு, ஹாஸ்டல் என்ற பெயரில் கொட்டடியில் அடைந்து கிடந்தார்கள். வார இறுதியில் கூடிப் பாடினார்கள். சர்ச்சில் கற்ற கூட்டுக்குரல், கல்யாணப் பாட்டு, அமெரிக்காவிலிருந்து வந்த மேடைப்பாட்டு எல்லாம் இதில் கலந்திருக்கிறது. ரேடியோவில் வந்து, ரெக்கார்டாக விற்று, ஜனங்கள் காசு கொடுத்துக் கேட்டதால் பாப் என்றும் சொல்லலாம். சாமிப் பாட்டும் நிறைய இருப்பதால் பஜனை என்றும் சொல்லலாம்.

வாத்தியமே இல்லாம எப்படி இவ்வளவு கனமா கேக்குது?

அடித்தொண்டைக் குரல்தான் ரகசியம். ஒருவர் முன்னால் நின்று வழிநடத்துவார். அவருக்குத் துணையாக உச்சஸ்தாயியில் ஓரிருவர், நடுக்குரலில் ஓரிருவர். மிச்சம் இருக்கிற ஆறேழு பேரும் கீழ்ஸ்தாயிதான். நம் கச்சேரியில் தம்பூரா போடுகிற தரைமாதிரி இந்தக் கூட்டம் ஒரு தரை போட்டுவிடும், ஆனால் இந்தத் தரை ஒரே சுருதியில் நிற்காது, ஏறும், இறங்கும், பேசும், பதில் சொல்லும். ஜோசப்பின் குரலோ மெல்லியது, மேலே மிதக்கும். சத்தம் போட்டுப் பாடுகிற பழக்கமே அவருக்கு இல்லை, கூட்டத்தையும் அப்படியே பழக்கினார். அதற்கு முன் இந்தப் பாணியில் பாடியவர்கள் தொண்டை கிழியப் பாடுவார்கள், அந்தக் கத்தலைக் குறைத்து மென்மையாக்கியது ஜோசப்தான் என்று சொல்வார்கள். பழைய ரெக்கார்டுகளையும் இவர்களையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் காதுக்கே தெரியும்.

ஏன் பூனை மாதிரி நடக்கறாங்க?

பெயரே அதுதான். இசிகதமியாவின் வேர்ச்சொல்லுக்கு ஓசைப்படாமல் மெல்ல நடப்பது என்று பொருள். ஜூலு ஆட்டம் என்றால் காலைத் தலைக்கு மேல் தூக்கித் தரை அதிர மிதிப்பது. ஹாஸ்டலில் அப்படி மிதித்தால் காவலாளி வந்துவிடுவான், அதனால் நுனிக்காலில் ஆடப் பழகினார்கள் என்பது குழுவினரே சொல்லிவருகிற கதை. மேடையில் பாருங்கள், காலைத் தூக்குவதெல்லாம் பழைய வேகத்தில்தான், கீழே வைக்கும்போது மட்டும் பஞ்சில் வைப்பதுபோல் வைப்பார்கள். என் அப்பா முதல்முறை டிவியில் பார்த்தபோது, தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறமாதிரி ஆடுகிறான்களே என்றார். அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இதுவரை அகப்படவில்லை.

போட்டியில இவங்கள சேர்க்க மாட்டேன்னுட்டாங்களாமே, நிஜமா?

நிஜம்தான். சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு விடியும்வரை போட்டி நடக்கும். டர்பனில் பீட்ரிஸ் தெருவில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. மண்டபம் இதற்குப் பேர்போன இடம். குழுவுக்கு ஒரு நிற கோட்டு, கையில் வெள்ளை உறை, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் ஷூ. வாரம் முழுக்க எண்ணெயும் அழுக்குமாக வேலை செய்தவன் அன்றைக்கு ஒருநாள் துரை. நடுவர் விஷயம் இன்னும் வேடிக்கை. யாருக்கும் சொந்தமோ வேண்டியவனோ இல்லாத ஆளாக இருக்க வேண்டும் என்பதற்காக, ராத்திரியில் தெருவில் போகிற ஒரு வெள்ளைக்காரனைப் பிடித்து உட்காரவைப்பார்களாம். அவனுக்குப் பாட்டில் ஒரு வார்த்தை புரியாது, அதனால் பாரபட்சம் வராது என்பது கணக்கு. பரிசு சில சமயம் ஓர் ஆடு.

மம்பாஸோ வந்தால் மற்றவர்களுக்கு ஆடும் கிடையாது ஒன்றும் கிடையாது என்று ஆகிவிட்டது. கடைசியில், வந்து பாடுங்கள், போட்டியில் மட்டும் சேராதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். மேலே சொன்ன கோடரி இதுதான்.

நம்மவர்களுக்கு ராத்திரி முழுக்க விழித்துப் பார்ப்பது புதிதல்ல. இந்த ஊரில் தெருக்கூத்துக்கு சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்று பெயர், அதுவும் விடியவிடியத்தான் நடக்கும். எங்கள் தாத்தா அர்ஜுனன் தபசு பார்த்துவிட்டுக் காலையில் நேரே வேலைக்குப் போவாராம். ஒரே நகரத்தில், அதே சனிக்கிழமை ராத்திரியில், கரும்புத் தோட்டத்துக்காரன் ஒரு பக்கம் கூத்து பார்த்திருக்கிறான், ஆலைத் தொழிலாளி இன்னொரு பக்கம் நுனிக்காலில் ஆடியிருக்கிறான். இவன் சத்தம் அவனுக்குக் கேட்டதா என்பது எனக்கு ரொம்ப நாள் யோசனை.

கனவுல பாட்டு கத்துக்கிட்டாருன்னு சொல்றாங்க. கதை விடறாங்களா?

அவர் சொன்னது அது. 1964இல், ஆறு மாதம் போல, தூக்கத்தில் ஒரு குழந்தைகள் கூட்டம் வந்து பாடிக்காட்டியது, தான் தேடிக்கொண்டிருந்த குரல் சேர்க்கை அதில் இருந்தது என்பார். அப்போது அவர் டர்பன் பக்கம் பஞ்சாலையில் வேலை பார்த்த காலம். நம் ஊரில் முருகன் கனவில் வந்து அடியெடுத்துக் கொடுத்தார் என்றால் தலையாட்டுகிறோம், இதை மட்டும் கதை என்பானேன்?

கனவைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடந்தது. காதில் கேட்டதை மற்றவர்கள் வாயில் கொண்டுவருவதற்கு அவர் வருடக்கணக்கில் ஒத்திகை நடத்தினார். முதலில் இருந்தவர்களால் முடியவில்லை. 1969இல் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், தம்பிகள் என்று புதிதாகச் சேர்த்தார். ஆல்பர்ட் மஸிபுகோ அப்போது வந்தவர்தான், ஐம்பது வருஷத்துக்கு மேல் கூடவே பாடினார். ஆக, கனவு ஆறு மாதம், சாதகம் ஐந்து வருஷம்.

"தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்" இவங்க பாட்டுதானே?

இல்லை. இவர்களும் பாடியிருக்கிறார்கள், அதனால் வருகிற குழப்பம். அதைப் பாடியவர் சாலமன் லிண்டா, இவர்களுக்கு ஒரு தலைமுறை மூத்தவர், அதே நேட்டால் நாட்டுப்புறத்துக்காரர். 1939இல் ஜொகன்னஸ்பர்க்கில் தன் குழுவோடு பாடிப் பதிவு செய்தார். அப்போது பாட்டின் பெயர் 'ம்பூபே', அதாவது சிங்கம். அந்தப் பாட்டு அப்படி ஓடியதில் இந்தப் பாணிக்கே கொஞ்ச காலம் ம்பூபே என்று பெயர் இருந்தது.

லிண்டாவுக்குக் கிடைத்தது 10 ஷில்லிங். பாட்டு அமெரிக்கா போய், 1961இல் டோக்கன்ஸ் குழு புது வரிகள் போட்டுப் பாடி உலகம் சுற்றியது. லிண்டா 1962இல் கையில் காசில்லாமல் செத்துப்போனார். டிஸ்னியின் சிங்கப் படத்திலும் அந்தப் பாட்டு வந்த பிறகு பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், 2006இல்தான் சமரசம் ஆனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்கப் பாடகர் பால் சைமன் பற்றிய அடுத்த கேள்விக்குத் தேவைப்படும்.

பால் சைமன்தானே இவங்கள கண்டுபிடிச்சாரு?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுவதும் இதில்தான். தொலைந்துபோனவர்களைத்தானே கண்டுபிடிக்க வேண்டும்? 1970இல் ரேடியோ ஜூலுவில் (இன்றைய உகோஸி எஃப்எம்) பாடினார்கள், அதைக் கேட்டு காலோ ரெக்கார்ட் கம்பெனி ஒப்பந்தம் போட்டது, வெஸ்ட் என்கோசி தயாரிப்பாளர். 1973இல் முதல் ஆல்பம் 'அமாபுதோ', போர்வீரர்கள் என்று பொருள். கறுப்பினக் கலைஞர் ஒருவரின் ஆல்பம் இந்த நாட்டில் தங்கத் தட்டு (நிறைய விற்றதற்குக் கொடுக்கும் விருது) வாங்கியது அதுதான் முதல்முறை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஜெர்மனிக்கும் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். சைமன் வரும்போது இவர்கள் பன்னிரண்டு வருஷமாக ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தவர்கள். ஜூலு வீடுகளில் இவர்களைத் தெரியாத ஆளே கிடையாது.

1985இல் சைமன் ஜொகன்னஸ்பர்க் வந்தபோது ஜோசப்பைச் சந்தித்தார். அப்புறம் ஒரு மாதிரிப் பதிவை அனுப்பிவைத்தார், ஜோசப் அதில் ஜூலு வரிகளைச் சேர்த்து, ஒரு பழைய கல்யாணப் பாட்டின் மெட்டை உள்ளே கொண்டுவந்தார். லண்டன் ஆபி ரோடு ஸ்டுடியோவில் பதிவான அந்தப் பாட்டு 'ஹோம்லெஸ்'. 1986 மே மாதம் அமெரிக்க டிவியில் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் சேர்ந்து பாடினார்கள், ஆகஸ்டில் அந்தப் பாட்டு இருக்கும் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பம் வெளிவந்தது, உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த வருஷம் சைமனே தயாரித்த 'ஷாகா ஜூலு' இவர்களுக்கு முதல் கிராமியை வாங்கித் தந்தது.

சைமன் பெரிய கதவைத் திறந்தார், அதில் சந்தேகமில்லை. 'ஹோம்லெஸ்' பாட்டை எழுதியவர்களில் ஒருவராக ஜோசப் பெயரும் இருக்கிறது, லிண்டாவுக்கு நடந்தது இவருக்கு நடக்கவில்லை. ஆனால் கதவைத் திறந்தவன் வேறு, வீட்டைக் கட்டியவன் வேறு.

அப்போ பாய்காட் இருந்ததே? சைமன் செஞ்சது துரோகம் இல்லையா?

எங்கள் மாமா ஒருவர், எண்பதுகளில் போராட்டத்தில் இருந்தவர், இன்றும் 'கிரேஸ்லேண்ட்' ஆல்பத்தை வீட்டில் போடவிட மாட்டார். அவர் கட்சி இது: நிறவெறி அரசைத் தனிமைப்படுத்த வேண்டும் என்று 1980இல் ஐ.நா. பொதுச்சபை கலாசாரப் புறக்கணிப்புக்கு அழைப்பு விட்டது. எந்தக் கலைஞனும் இங்கே வரக்கூடாது. சைமன் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து பதிவு செய்தார். 1987இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் அவர் பாடியபோது வெளியே ஆர்ப்பாட்டம் நடந்தது.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது. வந்த வாத்தியக்காரர்களுக்கு நியூயார்க் விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூலி கொடுத்தார். அந்தச் சுற்றுப்பயணத்தில் கூடப் பாடியவர்கள் மிரியம் மகேபாவும் ஹியூ மசகேலாவும், இருவரும் நிறவெறியால் நாட்டை விட்டு வெளியே இருந்தவர்கள். தென்னாப்பிரிக்காவில் நடத்த முடியாத கச்சேரியை 1987இல் எல்லைக்கு அப்பால் ஹராரேயில் நடத்தினார்கள். கடைசியில் 1992இல், மண்டேலாவின் கட்சியான ஏ.என்.சி. சம்மதத்தோடு சைமன் ஜொகன்னஸ்பர்க்கில் பாடினார், அப்போதும் எதிர்ப்பு ஓயவில்லை.

என்னைக் கேட்டால், மாமா சைமனைத் திட்டட்டும், அதில் நியாயம் உண்டு. மம்பாஸோவைச் சேர்த்துத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அரசாங்கத்துக்காகப் போட்ட பூட்டு அந்த அரசாங்கம் மிதித்த ஆளின் வாயிலும் தொங்கினால் அவன் என்ன செய்வான்? மாமாவோடு இந்தச் சண்டை ஒவ்வொரு தீபாவளிக்கும் நடக்கிறது, இன்னும் முடியவில்லை.

அப்பார்ட்டைட் பத்தி இவங்க ஏன் பாடவே இல்ல?

நேராகப் பாடவில்லை என்பது உண்மை. அந்தக் காலத்து ரேடியோ அரசாங்கத்தின் கையில் இருந்தது, ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி ரேடியோ வைத்து ஜனங்களைப் பிரித்துவைத்திருந்தார்கள், அதில் அரசியல் பாட்டு ஒலிக்காது. ஜோசப்பும் இயல்பிலேயே கூச்சல் போடும் ஆள் இல்லை, எழுபதுகளின் நடுவில் கிறிஸ்தவத்தில் முழுமையாக இறங்கியவர். பாட்டில் வருவதெல்லாம் வீடு, மாடு, காதலி, கடவுள்.

ஆனால் வீடில்லை, வீடில்லை, நள்ளிரவு ஏரியில் நிலவொளி தூங்குகிறது என்று 'ஹோம்லெஸ்' பாட்டில் பாடினால் அதில் அரசியல் இல்லையா? அப்புறம் 1992இல் சிகாகோவில் தொடங்கி 1993இல் பிராட்வேக்குப் போன ஒரு நாடகத்தில் இவர்கள் மேடையிலேயே நின்று பாடினார்கள். 1985 டிசம்பரில் அமன்சிம்டோட்டி கடைவளாகத்தில் குண்டு வைத்துத் தூக்கிலிடப்பட்ட ஆண்ட்ரூ சொண்டோ என்ற இளைஞனின் வாழ்க்கையை ஒட்டிய நாடகம் அது. டர்பன்காரர்களுக்கு அமன்சிம்டோட்டி என்றால் இன்றும் வயிறு கலங்கும். அந்தக் கதைக்குக் குரல் கொடுத்தவர்களை அரசியல் தெரியாதவர்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

மண்டேலா கூட நார்வே போனது இவங்கதானா?

ஆமாம். 1993இல் நோபல் அமைதிப் பரிசு வாங்க மண்டேலா ஆஸ்லோ போனபோது கூடப் போனார்கள், 1994 மே மாதம் அவர் பதவியேற்றபோதும் பாடினார்கள். 1995 ரக்பி உலகக்கோப்பை சமயத்தில் பாடகி பி.ஜே. பவர்ஸோடு சேர்ந்து பாடியவர்களும் இவர்கள்தான்.

லண்டன் அத்தை இவங்கள பீன்ஸ் பாட்டுக்காரங்கன்னு சொல்றாங்களே?

அத்தை சொல்வது சரி. 1997 வாக்கில் ஹைன்ஸ் கம்பெனி பிரிட்டன் டிவியில் டப்பா பீன்ஸ் விளம்பரத்துக்கு இவர்களுடைய 'இன்கன்யேசி நெசாசி' பாட்டைப் போட்டது. அதன் பொருள் நட்சத்திரமும் ஞானிகளும். அதாவது ஏசு பிறந்தபோது வந்த மூன்று ஞானிகள். கிறிஸ்துமஸ் பாட்டை வைத்துப் பீன்ஸ் விற்றார்கள். கேட்டவர்களுக்கு வார்த்தை புரியாததால் யாருக்கும் வருத்தமில்லை. அந்தப் பெயரிலேயே 1998இல் வந்த தொகுப்பு அங்கே சக்கைப்போடு போட்டது. தங்கள் ஊரில் தங்கத் தட்டு வாங்கி இருபத்தைந்து வருஷம் கழித்து, பீன்ஸ் வழியாக வேறொரு நாட்டின் சமையலறைக்குள் போனார்கள். பீன்ஸ் என்றால் எங்களுக்குப் பன்னி சௌதான், பாட்டெல்லாம் வேண்டாம், ரொட்டிக்குள் குழம்பு வழிந்தால் போதும்.

குடும்பத்துல கொலை நடந்ததா?

மூன்று. இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1991 டிசம்பரில் ஜோசப்பின் தம்பி ஹெட்மன் ஷபலாலா, குழுவின் கீழ்ஸ்தாயிப் பாடகர், ஒரு வெள்ளைக்காரக் காவலாளியால் சுடப்பட்டு இறந்தார். அந்த ஆள் அப்போது வேலை நேரத்தில்கூட இல்லை. 2002இல் ஜோசப்பின் மனைவி நெல்லி சர்ச் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார், தடுக்கப் போன ஜோசப்புக்குக் கையில் காயம். 2004இல் இன்னொரு தம்பி பென், முன்பு குழுவில் இருந்தவர்.

ஒவ்வொரு முறையும் குழு திரும்ப மேடை ஏறியது. எப்படி முடிந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். 2004இல் வந்த 'ரெய்ஸ் யுவர் ஸ்பிரிட் ஹயர்' ஆல்பம் நெல்லி போன பிறகு வந்தது. மனம் சரியில்லாத நாளில் அதைப் போட்டுக்கொள்வேன்.

மொத்தம் எத்தனை கிராமி? ஒவ்வொருத்தர் ஒவ்வொன்னு சொல்றாங்க.

ஐந்து. 1988இல் 'ஷாகா ஜூலு', 2005இல் 'ரெய்ஸ் யுவர் ஸ்பிரிட் ஹயர்', 2009இல் 'இலெம்பே', 2014இல் 'சிங்கிங் ஃபார் பீஸ்' நேரடிப் பதிவு, 2018இல் முதல் கிராமி வாங்கித் தந்த ஆல்பத்தை முப்பது வருஷம் கழித்துத் திரும்பப் பாடிய 'ஷாகா ஜூலு ரீவிசிட்டட்'. முதல் விருதுக்கும் அடுத்ததற்கும் நடுவே பதினேழு வருஷம். எண்ணிக்கை வேறுபடுவதற்குக் காரணம், சிலர் 'கிரேஸ்லேண்ட்' வாங்கியதையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள், அது சைமனுடைய கணக்கு.

ஜோசப்தான் இறந்துட்டாரே, இப்போ பாடறது அதே குழுவா?

2020 பிப்ரவரி 11 அன்று பிரிட்டோரியாவில் இறந்தார், எண்பதைத் தொடவிருந்த வயது. அதற்கு முன்பே 2014இல் ஓய்வு பெற்று, மகன்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். தொண்ணூறுகளில் ஹெட்மன் போன பிறகு, வயதானவர்கள் விலகிய பிறகு, ஜோசப்பின் பிள்ளைகள் நான்கு பேர் உள்ளே வந்தார்கள். அதனால் திடீர் மாற்றம் எதுவும் இல்லை, பல வருஷம் அப்பா பக்கத்திலேயே நின்று பாடியவர்கள்.

அதே குழுவா என்றால், நாகசுரக் குடும்பம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாசித்த பாணியைப் பேரன் வாசிக்கிறான், சீவாளி மட்டும் புதுசு. ஆனால் ஒளித்துச் சொல்ல மாட்டேன், ஜோசப்பின் அந்த மிதக்கிற குரல் மட்டும் இப்போது இல்லை. மகன்கள் நன்றாகவே பாடுகிறார்கள், அப்பாபோல் பாட முயலவில்லை, அதுவே புத்திசாலித்தனம்.

பொம்பளைங்க ஏன் ஒருத்தர்கூட இல்ல?

ஆண்கள் ஹாஸ்டலில் பிறந்த பாட்டு என்று மேலே சொன்னேனே, அதனால். நெல்லி ஷபலாலா 'விமன் ஆஃப் மம்பாஸோ' என்று தனியாக ஒரு பெண்கள் குழு நடத்திவந்தார். இந்தக் கேள்வியைக் கேட்ட ஆயாவிடம் அதைச் சொன்னபோது, அது என்ன, பெண்களுக்குத் தனி வரிசையா என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவு கிட்டத்துல இருந்தும் நம்ம ஆளுங்களுக்கு ஏன் தெரியல?

சாட்ஸ்வொர்த்தை ஒட்டியே உம்லாசி இருக்கிறது, ராத்திரியில் எங்கள் வீட்டுப் பின்கட்டிலிருந்து பார்த்தால் அங்கே விளக்கு எரிவது தெரியும். ஆனால் 1950இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் இந்தியனுக்கு ஓர் இடம், ஆப்பிரிக்கனுக்கு ஓர் இடம் என்று பிரித்தது. பள்ளிக்கூடம் வேறு, பஸ் வேறு. 1949 ஜனவரி டர்பன் கலவரத்தின் பயமும் இரண்டு பக்கமும் இருந்தது, அதைப் பேசாமல் விட்டால் பொய்யாகிவிடும். ரேடியோவும் அப்படியே, எங்களுக்கு ரேடியோ லோட்டஸ் 1983இல் வந்தது. ரேடியோ முள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது, நாங்கள் டி.எம்.எஸ். கேட்டோம், அவர்கள் மம்பாஸோ கேட்டார்கள்.

முழுக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. என் அப்பா துணி ஆலையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். பக்கத்து மெஷினில் ஒரு ஜூலு பெரியவர், இருவருக்கும் பேச்சு ஃபனகலோ என்ற கலப்பு மொழியில். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பெரியவர் மெல்லப் பாடுவாராம். கிரேஸ்லேண்ட் வெளிவந்து உலகமே கொண்டாடியபோது நான் அப்பாவிடம் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். அரை நிமிஷம் கேட்டார். "இது நம்ம ம்கிஸேவோட பாட்டுடா" என்றார். அந்தப் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவார், ம்கிஸே என்பது ஜூலு குடும்பப் பெயர்.

சரி, எதுல ஆரம்பிக்கறது? வார்த்தை புரியலன்னா பரவாயில்லையா?

'ஷாகா ஜூலு'வில் ஆரம்பியுங்கள், பதிவு தெளிவாக இருக்கும், 'ஹலோ மை பேபி' பாட்டில் முத்தச் சத்தம் வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பிடித்தால் பின்னால் போய் 'அமாபுதோ'. அதில் 'நோமதெம்பா' என்று ஒரு பாட்டு, ஒரு பெண்ணின் பெயர், நம்பிக்கை என்று பொருள். ஊரைவிட்டுப் போன பெண்ணைத் தேடுகிறான். தெலுங்குக் கீர்த்தனையை அர்த்தம் தெரியாமலே தலைமுறை தலைமுறையாகத் தலையாட்டிக் கேட்கிறோம், இதற்கு மட்டும் அகராதி எதற்கு?

நேரில் கேட்க வேண்டும் என்றால் மம்பாஸோ பெரும்பாலும் வெளிநாட்டுப் பயணத்தில்தான் இருப்பார்கள். ஆனால் டர்பன் பிளேஹவுஸ் அரங்கில் இசிகதமியா போட்டி நடக்கும்போது பேர் தெரியாத குழுக்கள் வரிசையாக வருவார்கள், ராத்திரி போகப்போகத்தான் நல்ல குழுக்கள் மேடை ஏறும். ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டு போங்கள். பின்வரிசையில் உட்காராதீர்கள், கால் வைப்பது தெரியாது.